தொட்டால் சிணுங்கும்... விட்டால் ஊரையே வளைக்கும்! தொட்டாச்சிணுங்கி செடியை தொட்டியில் வளர்ப்பது எப்படி?

நாகர்கோவில்:-

விரல் பட்டால் போதும். பட்டென்று இலையை மூடி, காம்பையும் தொங்க போட்டுக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகிற வழியில் இந்த செடி கண்ணில் பட்டால், ஒரு நிமிடம் நின்று தொட்டு பார்க்காமல் எந்த பிள்ளையும் நகராது. ஒரு வார்த்தை சொன்னாலே முகம் வாடி போகிறவர்களுக்கு இந்த செடியின் பெயரையே பட்டமாக வைத்து விட்டார்கள் நம்ம ஊர்க்காரர்கள்.

அதுதான் தொட்டாச்சிணுங்கி. குமரி மாவட்டத்தில் தொட்டாவாடி என்று சொன்னால்தான் பலருக்கு புரியும். தொட்டால்சுருங்கி என்றும் சொல்வார்கள். கையெடுத்து கும்பிடுவது போல இலையை மூடுவதால் சித்த மருத்துவத்தில் இதற்கு நமஸ்காரி என்று ஒரு பெயர் உண்டு.

வரப்பு, வாய்க்கால் ஓரம், ரப்பர் தோட்டம் என்று எங்கு பார்த்தாலும் களையாக கிடக்கும் இந்த செடியை இப்போது மாடியில் தொட்டி வைத்து வளர்க்கவும் பலர் ஆசைப்படுகிறார்கள். ரோஸ் நிறத்தில் பஞ்சு உருண்டை போல பூ பூக்கும். பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. செலவும் அதிகம் இல்லை. விதை பாக்கெட்டுகள் ஆன்லைனிலேயே கிடைக்கின்றன.

ஆசைப்பட்டவர்கள் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டால், அடுத்த வீட்டு தோட்டத்தில் இருந்து களை பறிக்கும் பெண்களின் விரல் வரை எல்லோருக்கும் தொல்லைதான். அந்த விஷயம், செடியில் காய்க்கும் விதை!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வெளிநாட்டில் இருந்து வந்த செடி

தொட்டாச்சிணுங்கி நம்ம ஊர் செடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பகுதி. அங்கிருந்து உலகத்தில் வெயிலும் மழையும் உள்ள நாடுகளுக்கு எல்லாம் பரவி விட்டது. இதன் அறிவியல் பெயர் மைமோசா பூடிகா. 1753-ம் ஆண்டு சுவீடன் நாட்டு தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர் இது. பூடிகா என்றால் லத்தீன் மொழியில் வெட்கப்படுவது என்று அர்த்தம். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அவரை, பயறு இதெல்லாம் எந்த குடும்பமோ, அதே குடும்பம்தான் இதுவும். அதனால்தான் காயும் சின்ன அவரை மாதிரியே இருக்கும். வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். அந்த முடிச்சில் உள்ள பாக்டீரியாக்கள் காற்றில் இருக்கும் நைட்ரஜனை பிடித்து செடிக்கு உரமாக கொடுக்கின்றன. ஏழை மண்ணிலும் இது கொழுகொழு என்று வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டால் ஏன் மூடுகிறது?

ஒவ்வொரு இலைக்கும், காம்புக்கும் அடியில் மூட்டு மாதிரி லேசாக வீங்கிய இடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் செல்களில் தண்ணீர் நிரம்பி, காற்று அடித்த டியூப் போல விறைப்பாக இருக்கும். அதனால்தான் இலை விரிந்து நிற்கிறது.

தொட்டதும் செடிக்குள் மின்சாரம் போல ஒரு தகவல் ஓடுகிறது. உடனே மூட்டின் ஒரு பக்கத்து செல்களில் இருந்து பொட்டாசியம் உப்பு வெளியேறும். அதன் பின்னாலேயே தண்ணீரும் வெளியேறி விடும். டியூப்பில் காற்று இறங்கியது போல அந்த பக்கம் தளர்ந்து, இலை மடங்கி விடுகிறது. இவ்வளவும் ஒன்றிரண்டு நொடிகளில் முடிந்து விடும். பிறகு தண்ணீர் திரும்பவும் ஏறி, இலை விரிவதற்கு சுமார் 15 நிமிடத்தில் இருந்து அரை மணி நேரம் வரை ஆகும்.

தொட்டால்தான் என்று இல்லை. சூடு பட்டாலும், தொட்டியை ஆட்டினாலும், இலையை கிள்ளினாலும் மூடிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் தானாகவே மூடி தூங்க போய்விடும்.

கொல்கத்தாவில் இந்திய விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் இந்த செடியை வைத்துதான், செடிகளுக்குள்ளும் மின்சார தகவல் ஓடுகிறது என்பதை தானே செய்த நுட்பமான கருவிகளால் அளந்து காட்டினார். இது தொடர்பாக அவர் எழுதிய புத்தகம் 1926-ம் ஆண்டு வெளியானது.

அதற்கும் முன்பு 1729-ம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி தெ மைரான் இதுபோல் இலை மூடும் செடி ஒன்றை இருட்டான இடத்தில் வைத்து பார்த்தார். வெயிலே படாத போதும் பகலில் விரிந்து, இரவில் மூடியது. உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு கிடைத்த முதல் தடயம் அதுதான். அந்த உள் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த செடி ஏன் சிணுங்குகிறது என்ற கேள்விக்கும் சமீபத்தில் பதில் கிடைத்து உள்ளது. ஜப்பானில் சைத்தாமா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இலை மூடாத மாதிரி மாற்றப்பட்ட செடியையும், சாதாரண செடியையும் வெட்டுக்கிளிகளுக்கு போட்டார்கள். மூடாத செடியைத்தான் வெட்டுக்கிளிகள் அதிகமாக தின்று தீர்த்தன. 2022-ம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானது. ஆக, அது வெட்கம் இல்லை. உயிர் பிழைக்கும் வழி!

விதையை தயார் செய்வது எப்படி?

தொட்டாச்சிணுங்கியை விதை போட்டு வளர்ப்பதுதான் சுலபம். கிளையை வெட்டி வைத்தால் வேர் பிடிப்பது கஷ்டம். சாலையோர செடியை பிடுங்கி வந்து நட்டாலும் ஆணிவேர் அறுந்து, பெரும்பாலும் வாடி போய்விடும்.

விதை பாக்கெட் வாங்கலாம். அல்லது வெளியில் கிடக்கும் செடியில் காய்ந்து பழுப்பான காய்களை எடுக்கலாம். காயின் ஓரத்தில் முள் மாதிரி முடி இருக்கும், தண்டிலும் முள் இருக்கும். எனவே கையில் தடித்த துணி சுற்றிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு காயும் துண்டு துண்டாக உடையும். ஒரு துண்டுக்கு ஒரு விதை.

விதையின் தோல் ரொம்ப கெட்டி. அப்படியே போட்டால் மாத கணக்கில் முளைக்காமல் கிடக்கும். இதற்கு எளிய வழி இருக்கிறது. தண்ணீரை கொதிக்க வைத்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையை போட்டு ஒரு ராத்திரி ஊற விட வேண்டும். அடுப்பில் வைத்து விதையை வேக வைத்து விடக்கூடாது. காலையில் பார்த்தால் நல்ல விதைகள் ஊதி இருக்கும். ஊதாத விதையை உப்புத்தாளில் லேசாக ஒரு தேய் தேய்த்து மறுபடியும் ஊற போடலாம்.

தொட்டியும் மண்ணும்

6 அங்குல தொட்டி ஒன்று போதும். அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய சாண உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு கலந்து நிரப்ப வேண்டும். தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அதுதான் முக்கியம்.

ஒரு தொட்டிக்கு 4 அல்லது 5 விதை போடலாம். ஆழமாக புதைக்க கூடாது. அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும். குடத்தை கவிழ்த்து ஊற்றாமல், தண்ணீரை தெளித்து விட வேண்டும். மண் ஈரமாகவும், இடம் கதகதப்பாகவும் இருந்தால் ஒரு வாரத்தில் முளைக்க ஆரம்பிக்கும். சில விதைகள் 3, 4 வாரம் கூட எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு தோண்டி பார்க்க வேண்டாம்.

முதலில் வரும் 2 இலைகள் வட்டமாக, சாதாரணமாக இருக்கும். விதை மாறி போச்சோ என்று பயப்பட வேண்டாம். அடுத்து வருவதுதான் இறகு மாதிரி இருக்கும் நிஜ இலை. செடிகள் 2 அங்குலம் வளர்ந்ததும் நன்றாக இருக்கும் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை வேர் மண்ணோடு எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றலாம்.

வெயில் வேண்டும், வெள்ளம் வேண்டாம்

தினமும் 5, 6 மணி நேரமாவது வெயில் படுகிற இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும். நிழலில் வைத்தால் செடி நெட்டையாக, சோனியாக வளரும். பூவும் வராது.

மேல் மண் காய்ந்ததும் தண்ணீர் விட்டால் போதும். எப்போதும் சொதசொத என்று இருந்தால் இலை மஞ்சளாகி, வேர் அழுகி விடும். யூரியா போன்ற உரம் எதுவும் தேவை இல்லை. செடியே நைட்ரஜனை தயார் செய்து கொள்வதால், யூரியா போட்டால் வெறும் இலையாக தழைக்கும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது.

நுனியை அவ்வப்போது கிள்ளி விட்டால் பக்க கிளை வெடித்து புதராக வரும். வெயில் காலத்தில் இலைக்கு அடியில் சிவப்பு சிலந்தி பூச்சி வரலாம். இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாக பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும். மிஞ்சினால் வேப்ப எண்ணெய் கரைசல் தெளிக்கலாம்.

விதைத்து சுமார் 3 மாதத்தில் பூக்க தொடங்கும். பூவில் பஞ்சு மாதிரி தெரிவது இதழ் இல்லை, மகரந்த காம்புகள். ஒரு பூ உருண்டை ஒரு நாள்தான் அழகாக இருக்கும், மறுநாள் வாடி விடும். ஆனால் அடுத்தடுத்து பூத்துக்கொண்டே இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு கண்டிஷன்!

தொட்டு விளையாடத்தான் செடி வைக்கிறோம். அதற்காக நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் தொட்டுக்கொண்டே இருக்க கூடாது. மூடி திறக்க செடிக்கு சக்தி செலவாகிறது. இலை மூடி கிடக்கும் நேரத்தில் வெயிலை வாங்கி உணவு தயாரிப்பதும் குறைகிறது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை தொட்டால் தப்பில்லை.

இன்னொரு வேடிக்கை. 2014-ம் ஆண்டு மோனிகா கலியானோ என்ற ஆராய்ச்சியாளர், தொட்டாச்சிணுங்கி தொட்டிகளை 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, அடிபடாத மாதிரி திரும்ப திரும்ப விழ வைத்தார். முதலில் மூடிய செடிகள், ஆபத்து ஒன்றும் இல்லை என்று பழகியதும் மூடுவதை நிறுத்தி விட்டன. 28 நாள் கழித்து மீண்டும் விழ வைத்த போதும் அந்த பழக்கம் மறக்கவில்லை. இதை ஞாபக சக்தி என்று சொல்லலாமா என்று விஞ்ஞானிகளுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது.

தண்டில் முள் இருப்பதால் தவழும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும்.

வெளியே போனால் வில்லன்

இனிதான் முக்கியமான விஷயம். நன்றாக வளர்ந்த ஒரு செடி, ஒரு ஆண்டில் 600-க்கும் மேற்பட்ட விதைகளை தரக்கூடியது. காயின் முடி ஆட்டு ரோமத்திலும், துணியிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். மழை வெள்ளத்திலும் போகும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் முளைக்காமல் கிடந்து, நேரம் பார்த்து முளைக்கும்.

தொட்டியில் கொஞ்சுகிற அதே செடி வயலுக்கு போனால் கதையே வேறு. படர்ந்து கிடக்கும் முள்ளில் கை வைத்துத்தான் பெண்கள் களை பறிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்பே பால் வெட்ட போகிறவர்களின் காலை கிழிக்கும். தினக்கூலிக்கு போகிறவருக்கு காலில் முள் குத்தி புண்ணானால், அன்றைய சம்பளமும் போச்சு. வேருடன் பிடுங்குவதும் லேசுப்பட்ட வேலை இல்லை.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

ஆசைக்கு வளர்த்த செடி எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவே சாட்சி. இதே மைமோசா இனத்தில் ஆள் உயரத்தை தாண்டி வளரும் மைமோசா பிக்ரா என்ற ஒரு செடி இருக்கிறது. அதுவும் தொட்டால் மூடும். அந்த வேடிக்கைக்காகவே 19-ம் நூற்றாண்டின் கடைசியில் டார்வின் நகர தாவரவியல் பூங்காவுக்கு அதை கொண்டு வந்ததாக கருதப்படுகிறது.

பல ஆண்டுகள் சாதுவாக இருந்த செடி, 1950-களில் ஆற்றங்கரையில் தலை காட்டியது. பிறகு வெள்ளத்தோடு பரவி, சதுப்பு நிலங்களில் சுமார் 80 ஆயிரம் ஹெக்டேரை, அதாவது ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கரை முள்காடாக மாற்றி விட்டது. மருந்து அடித்தும், தீ வைத்தும், அதை தின்னும் பூச்சிகளை விட்டும் இன்னும் போராடி வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இலங்கையிலும் கண்டி அருகே மகாவலி ஆற்றங்கரையில் 1996-ம் ஆண்டு இந்த செடி கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தியாவும் தப்பவில்லை. அசாம் மாநிலம் காசிரங்கா தேசிய பூங்காவில், காண்டாமிருகம் மேயும் புல்வெளியை மைமோசா முள்செடி மூடியது. வனத்துறையினர் ஆட்களை வைத்து வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. மண்ணுக்கு சத்து கொடுக்கும் என்று தோட்டங்களில் மூடுபயிராக பயன்படுத்தப்பட்ட இனம் அது.

ஆனை தொட்டாவாடி உஷார்!

அந்த இனத்தைத்தான் கேரளாவில் ஆனை தொட்டாவாடி என்கிறார்கள். அறிவியல் பெயர் மைமோசா டிப்ளோட்ரிக்கா. பூவும் இலையும் ஒரே மாதிரி இருப்பதால், இதன் விதையை சாதாரண தொட்டாச்சிணுங்கி என்று நினைத்து வீட்டுக்கு கொண்டு வந்துவிடக்கூடாது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண செடி முழங்கால் உயரத்துக்குள், தரையோடு படரும். தண்டு உருண்டையாக, முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இலை காம்பின் நுனியில் ஒரே இடத்தில் இருந்து பெரும்பாலும் 4 இறகுகள், விரல் விரித்தது போல பிரியும். ஆனை தொட்டாவாடியோ பக்கத்து செடி மேல் ஏறி 2, 3 மீட்டர் போகும். தண்டு பட்டை பட்டையாக கோணலாக இருக்கும். அதில் வளைந்த முள் நெருக்கமாக இருக்கும். காம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக நிறைய இறகுகள் இருக்கும்.

இதை தின்ற ஆடு, மாடுகள் விஷத்தால் பாதிக்கப்பட்டது பல நாடுகளில் பதிவாகி உள்ளது. சாதாரண தொட்டாச்சிணுங்கியிலும் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. சூபாபுல் தழையை அளவுக்கு மேல் போட்டால் முடி கொட்டும் என்பது ஆடு வளர்ப்பவர்களுக்கு தெரியும். அதற்கு காரணமும் இதே மைமோசின்தான். எனவே பிடுங்கிய செடியை தொழுவத்தில் போடக்கூடாது.

நாமாக மருந்து சாப்பிடலாமா?

கூடாது. சித்த மருத்துவத்தில் இதன் இலையும் வேரும் பயன்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு, எதனுடன், யாருக்கு என்பதை படித்த சித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். யாரோ செல்போனில் அனுப்பினார்கள் என்று அரைத்து குடிப்பது ஆபத்து. எலிகளுக்கு இதன் வேர்ச்சாறு கொடுத்து நடந்த ஆய்வில், கரு தரிப்பது பாதிக்கப்பட்டது தெரிய வந்தது. கர்ப்பிணிகளும், குழந்தைக்காக காத்திருப்பவர்களும் இந்த பக்கமே போகக்கூடாது.

வளர்ப்பவர்கள் கவனத்துக்கு...

* தொட்டியில்தான் வளர்க்க வேண்டும். தரையில் நடவே கூடாது.

* பூ வாடியதும், காய் பச்சையாக இருக்கும் போதே காம்போடு கிள்ளி எடுத்துவிட வேண்டும். பழுக்க விட்டால் சிதறி விடும். வாரம் ஒரு தடவை 5 நிமிடம் போதும்.

* அடுத்த முறைக்கு விதை வேண்டும் என்றால் ஒரே ஒரு கொத்தை மட்டும் விட்டு, அதன் மேல் சின்ன துணிப்பை கட்டி விடலாம்.

* பழைய தொட்டி மண்ணை வயலிலோ, வாய்க்காலிலோ, ரோட்டோரத்திலோ கொட்ட கூடாது. அதில் விதை இருக்கும். அடுத்த செடிக்கு அதே தொட்டியில் பயன்படுத்தலாம்.

* தொட்டிக்கு வெளியே குட்டி செடி எங்கே முளைத்தாலும், பூப்பதற்கு முன்பே வேரோடு எடுத்துவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் மண் இளகி இருக்கும், சுலபமாக வரும்.

* தோட்டத்தில் ஏற்கனவே படர்ந்து இருந்தால் கையுறை, செருப்பு போட்டுக்கொண்டு மண்வெட்டியால் ஆணிவேரோடு எடுக்க வேண்டும். மேலாக வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். அந்த இடத்தை சும்மா விடாமல் தட்டைப்பயறு போன்ற பயிரை போட்டு மூடி விட்டால் புது விதை தலையெடுப்பது குறையும்.

* முள் குத்தினால் சோப்பு போட்டு கழுவி, முள்ளை எடுத்துவிட வேண்டும். வீக்கமோ சீழோ வந்தால் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

ஊற வைக்க ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு தொட்டி மண், வாரம் 5 நிமிடம். இவ்வளவு இருந்தால் வீட்டு பிள்ளைகளுக்கு வருடம் முழுக்க வேடிக்கை காட்ட தொட்டாச்சிணுங்கி தயார். காய் கிள்ளுகிற அந்த 5 நிமிடத்தை மட்டும் மறந்துவிட வேண்டாம். மறந்தால், நம் வீட்டு விதை முளைத்த வரப்பில் வேறு யாரோ ஒருவர் முள் குத்தி வலியோடு நிற்பார்.